தேறிய உடம்பும் தேறாத எண்ணும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஓர் உடல்நலப் பத்திரிகையின் ஆசிரியர் போனில் கூப்பிட்டு, "சத்து மாத்திரை, சத்துப் பவுடர், உடற்பயிற்சி, இதெல்லாம் ஒண்ணா சேர்ந்தா உடம்புக்கு என்ன ஆகும்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. படிச்சு முடிச்சதும் வாசகருக்குத் தெளிவு வரணும்" என்றார். சரி என்றேன்.

அதுவரை எனக்குத் தெளிவாகத்தான் இருந்தது. படிக்க உட்கார்ந்த பிறகுதான் போயிற்று. ஓர் ஆய்வு, பயிற்சியோடு பவுடரும் சேர்ந்தால் தசை நன்றாக ஏறும் என்றது. அடுத்தது, ஏறும்தான், ஆனால் வெறும் பயிற்சி செய்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவே ஏறியது என்றது. இன்னொன்று, வயதானவர்களுக்கு ஒரு மாதிரி, இளசுகளுக்கு வேறு மாதிரி என்றது. அதற்கடுத்தது, இதைப் பற்றி இன்னும் ஆராய வேண்டும் என்று பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டது.

கண்ணால் பார்த்துவிடுவோம் என்று தெருமுனை ஜிம்மில் சேர்ந்தேன். (பார்ப்பதற்காக மட்டும்தான் சேர்ந்தேன் என்றால் என் முழங்கால்களே சிரிக்கும்.) அங்கே பக்கத்து நடை இயந்திரத்தில் தினமும் காலையில் நடந்துகொண்டிருந்தவர் ஒரு லிப்ட் மெக்கானிக். நாற்பத்தைந்தைத் தாண்டியவர். அகன்ற தோள். மற்றவர்கள் கண்ணாடியில் தங்கள் புஜத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் தரையைப் பார்த்து நடப்பார். பவுடரைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று பேச்சுக்குத்தான் கேட்டேன். அவர் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தார்.

"பவுடரைப் பத்தியா? அதைப் பத்தி என்னைவிட யாருக்கும் தெரியாது மேடம். என்னைவிடக் குழம்பினவனும் எவனும் இருக்க மாட்டான்."

கட்டுரை அங்கேயே செத்துவிட்டது.

2

தொடக்கம், முதல் முயற்சி: "ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே லிப்ட் நின்றபோது மெக்கானிக்"

வேண்டாம். இந்தக் கதையில் எந்த லிப்டும் நிற்கப்போவதில்லை. லிப்ட் மெக்கானிக் என்றதும் லிப்டை நடுவழியில் நிறுத்தத் தோன்றுவது எழுதுகிறவர்களுக்கே உள்ள வியாதி.

இரண்டாம் முயற்சி: "மனிதனுக்கு இரண்டு சிறுநீரகங்கள். உயிர் வாழ ஒன்று போதும். அப்படியானால் இன்னொன்று யாருக்கு?"

இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மெக்கானிக்கிடம் படித்துக் காட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "இன்னொண்ணும் எனக்குத்தான் மேடம்" என்றார். அந்த வரியை அடித்துவிட்டேன்.

மூன்றாவது முயற்சியில் நேராக அக்காவிடமிருந்தே தொடங்குகிறேன்.

அக்கா, அதாவது மெக்கானிக்கின் ஒரே அக்கா, டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். ஒரே கார், பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக். அதில் உட்கார்ந்து ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். தம்பிக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். கிளட்சைச் சட்டென்று விட்டால் முழங்காலில் பட்டென்று ஒரு அடி விழும். தம்பி முதல் தடவை லைசென்ஸ் தேர்வில் தோற்று வந்து மூஞ்சியைத் தொங்கப்போட்டபோது, "வண்டி உன்னைப் பாத்துப் பயப்படணும்டா, நீ அதைப் பாத்து இல்ல" என்று மறுபடி அழைத்துப் போய் நிறுத்தியவர்.

அந்த அக்காவுக்கு இரண்டு முறை செருப்பு சிறியதாகிப் போனது. இரண்டு முறையும் கடையைத் திட்டிவிட்டுப் பெரிய அளவு வாங்கினார். வீங்கியது கால் என்று தெரிந்து, காலிலிருந்து ரத்த அழுத்தத்துக்குப் போய், அங்கிருந்து சிறுநீரகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் காரியம் கைமீறிவிட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். குழந்தைகள் இல்லை. அத்தானின் ரத்தம் சேரவில்லை. டாக்டர், "உடன்பிறந்தவங்க யாராவது?" என்று பொதுவாகக் கேட்டார். அந்த அறையில் உடன்பிறந்தவர் ஒரே ஆள்தான் இருந்தார்.

"நான் தரேன்" என்றார் மெக்கானிக்.

எப்படிச் சொன்னீர்கள் என்று பின்னால் கேட்டேன். "பட்டனை அழுத்தற மாதிரிதான். யோசிச்சா அழுத்தறோம்?" என்றார்.

வீட்டில் யோசிக்க ஆள் இருந்தது. அவருடைய மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவர். எந்த நோயாளி வாய் திறக்கும் முன்பும் அவன் வலியின் அளவைச் சொல்லிவிடுவார். அன்று சாயங்காலம் கணவர் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை துணி மடித்துக்கொண்டே இருந்தார்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"அக்காடி."

"அக்காதான். நான் இல்லைன்னு சொல்லலை. நமக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. நாளைக்கு அதுங்கள்ல ஒண்ணுக்கு வேணும்னா எதைக் கொடுப்பீங்க?"

மெக்கானிக்கிடம் பதில் இல்லை. (என்னிடமும் இல்லை. இந்த வரியை மூன்று முறை எழுதிப் பார்த்து, மூன்று முறையும் அவருக்கு ஒரு நல்ல பதிலைக் கொடுத்தேன். எதுவும் அவர் வாயில் ஒட்டவில்லை.)

3

கொடுக்கிறேன் என்றால் உடனே எடுத்துக்கொள்கிறார்களா? கொடுக்கிறவர் உடம்பையும் சல்லடை போட்டுச் சலிப்பார்கள். மெக்கானிக்கைத் தராசில் ஏற்றினார்கள், முள் ஓடியது. சர்க்கரை விளிம்பில் நின்றது. ரத்த அழுத்தம் ஏறிப்போயிருந்தது. ஊரையே மாடிக்கு ஏற்றிவிடுகிற ஆள், தானாக நாலு படி ஏறினால் மூச்சு வாங்கினார்.

"முதல்ல உங்க உடம்பைத் தேத்துங்க. அப்புறம் உங்க அக்கா உடம்பைப் பாப்போம்" என்றார் சிறுநீரக டாக்டர்.

தேற்றுவதற்கு வெளியில் தேட வேண்டியதில்லை. ஜிம் வைத்திருந்த மாஸ்டர் மெக்கானிக்கின் மச்சான். மனைவியின் சொந்த அண்ணன். ஒரு காலத்தில் பளுதூக்கும் போட்டிகளில் மேடை ஏறியவர். காதுகள் மடங்கி, கழுத்து என்று தனியாக ஒன்று இல்லாத மனிதர். தங்கை வீட்டுக்காரர் ஜிம்முக்கு வருகிறார் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"மாப்ள, எங்கிட்ட விட்டுட்டீங்கல்ல? உங்களை வேற ஆளா திருப்பி அனுப்பறேன்."

அனுப்பினார். காலையில் நடை, பிறகு பளு. முதல் வாரம் மெக்கானிக்கால் சட்டைப் பித்தானைப் போடக் கையைத் தூக்க முடியவில்லை. மாஸ்டர் அலமாரியிலிருந்து ஒரு பெரிய டப்பாவை எடுத்து நீட்டினார். "எல்லாம் கலந்தது. பயிற்சி பண்ணிட்டு இதைக் குடிக்கலைன்னா சிமெண்டு இல்லாம செங்கல் அடுக்கற மாதிரி." மெக்கானிக் குடித்தார். வெனிலா வாசனை, சுண்ணாம்புச் சுவை. பழகிவிட்டது.

பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. வேலைக்குப் போன கட்டடங்களில், எந்த லிப்டைச் சரிபார்க்கப் போனாரோ அந்த லிப்டை விட்டுவிட்டுப் படியிலேயே மேலே போனார். காவலாளி வாயைப் பிளந்து பார்த்தான். சர்க்கரை விளிம்பிலிருந்து உள்ளே இறங்கி உட்கார்ந்தது. அழுத்தம் படிந்தது. மனைவி ஒருநாள் அவர் சட்டையை இஸ்திரி போடும்போது, "தோள்ல துணி போதலையே" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது பாராட்டு என்பது உறைத்ததும் வாயை மூடிக்கொண்டார்.

* இங்கே கட்டுரைக்காரி ஒரு நிமிடம் எட்டிப் பார்க்கிறாள். இந்த முன்னேற்றத்தில் பவுடரின் பங்கு எவ்வளவு, பளுவின் பங்கு எவ்வளவு, அக்காவின் பங்கு எவ்வளவு? மெக்கானிக்கிடம் கேட்டேன். "குழம்புல உப்பு எங்க இருக்குன்னு காட்டச் சொன்னா எப்படி மேடம்?" என்றார்.

4

மறுபடி ஆஸ்பத்திரி. இந்த முறை தராசு பேசாமல் இருந்தது. எல்லாத் தாளும் நல்ல செய்தி சொன்னது. ஒரே ஒரு தாளைத் தவிர.

ரத்தத்தில் கிரியேட்டினின் என்று ஒன்றைப் பார்ப்பார்கள். தசை உழைத்துத் தள்ளுகிற கழிவு. சிறுநீரகம் அதை வெளியேற்ற வேண்டும். ரத்தத்தில் அது கூடினால் சிறுநீரகம் சுணங்குகிறது என்று பொதுவாக அர்த்தம். அக்காவின் தாள்களில் பல காலமாக அவர்கள் பயந்து பயந்து பார்த்த அதே எண், இப்போது தம்பியின் தாளில் கோட்டைத் தாண்டி நின்றது.

ஆஸ்பத்திரியில் கொடுப்பவர்களையும் பெறுபவர்களையும் கவனித்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர் ஒரு பெண். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "இப்போதைக்கு உங்களை எடுத்துக்க முடியாது சார். உங்களுக்கே பாத்துக்கணும் போல இருக்கு. இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பாப்போம்."

கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பின கதை. உடம்பைத் தேற்றப் போன இடத்தில் உள்ளதும் போச்சா?

வீட்டுக்கு வந்து சொன்னார். மனைவி முதலில் அவர் வயிற்றைத்தான் பார்த்தார், ஏதோ வெளியே தெரியும் என்பதுபோல. அவசரம் ஒன்றும் இல்லை, இன்னொரு சோதனைதான் என்று மெக்கானிக் சொன்னதும் மனைவியின் உடம்பிலிருந்து ஏதோ ஒரு முறுக்கு தளர்ந்தது.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்கோங்க" என்றார்.

"யார் தலைக்கு?"

மனைவி அடுப்பைப் பார்க்க எழுந்து போனார். அங்கே அவர் தனக்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தது மெக்கானிக்குக் கேட்டது. கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தால், தனக்குள்ளும் அதே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அதுதான் மேடம் என்னைக் கொன்னுது. அவ மேல கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை."

5

இரண்டாவது ரத்தத்திலும் எண் இறங்கவில்லை. ஒரு துளி கூடித்தான் இருந்தது. டாக்டர் தாளைப் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எப்ப வந்தது?"

"ஜிம்முக்குப் போறேன் டாக்டர். நீங்கதானே சொன்னீங்க."

"நடக்கச் சொன்னேன். நீங்க மலையைத் தூக்கற மாதிரி இருக்கீங்களே. பவுடர் ஏதாவது?"

"ஆமா."

"மருந்து ஏதாவது சாப்பிடறீங்களான்னு நான் கேட்டப்போ இல்லைன்னீங்க."

"அது மருந்து இல்லையே டாக்டர். சத்துதானே."

டாக்டர் உட்கார்ந்துவிட்டார். டப்பாவின் படத்தை அனுப்பச் சொல்லி மெக்கானிக்கை மாஸ்டரிடம் போனில் பேச வைத்தார். படம் வந்தது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள். அதில் ஒன்று கிரியேட்டின்.

"இது தசைக்குப் பலம்னு சேர்ப்பாங்க. தப்பில்லை. ஆனா உடம்புக்குள்ள போய் இது உடைஞ்சா கிரியேட்டினின் ஆகும். உங்க தெருவுல குப்பை லாரி தினமும் ஒழுங்காத்தான் வருதுன்னு வைங்க. நீங்க வீட்டுல ரெண்டு மடங்கு குப்பை போடறீங்க. வாசல்ல குப்பை சேர்ந்து கிடந்தா, லாரி ரிப்பேரா, குப்பை ஜாஸ்தியான்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

"அப்ப என் கிட்னி நல்லாருக்கா?"

"இருக்கலாம்."

"இல்லாமலும்?"

"இருக்கலாம். பவுடரை நிறுத்துங்க. பளுவும் வேணாம். நடந்தா போதும். சில வாரம் போகட்டும். அப்புறம் ரத்தமும் எடுப்போம், தசையோட சம்பந்தப்படாத ஒரு ஸ்கேனும் எடுப்போம். அது பொய் சொல்லாது."

மெக்கானிக் வெளியே வந்து படியில் இறங்கினார். அவர் அறிந்தவரை தன் உடம்பு இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை. அந்த நன்றாக இருப்பதுதான் தாளில் நோயாகத் தெரிகிறது என்கிறார்கள். அல்லது நோயே நன்றாக இருப்பதுபோல நடிக்கிறது. ரெண்டுங்கெட்டான் நிலை.

இங்கேதான் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. சொல்லாமல் விட்டால் உங்களுக்கும் வரும், ஆகவே நானே சொல்கிறேன். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு லிப்டின் மின்பலகையில் எறும்பளவு எழுத்தைப் படிக்கிற மனிதர் இவர். டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கவே இல்லை என்றால் நம்பலாமா? தெரிந்தேதான் குடித்தாரோ? கொடுக்கிறேன் என்று வாயால் சொல்லிவிட்டு, உடம்பை வைத்து இல்லை என்று சொல்ல ஒரு வழி?

கேட்டேவிட்டேன். நடை இயந்திரத்தை நிறுத்தினார்.

"நீங்க பிஸ்கட் பாக்கெட் வாங்கறீங்களே, பின்னாடி படிப்பீங்களா?"

"இல்லை."

"அப்புறம் என்ன?" கைப்பிடியைத் துடைத்தார். "படிச்சிருந்தாலும் எனக்கு என்ன புரிஞ்சிருக்கும்? கிரியேட்டின், கிரியேட்டினின். அண்ணன் தம்பி பேரு மாதிரி இருக்கு. ஒருத்தன் நல்லவன், ஒருத்தன் கெட்டவன்னு நான் கண்டேனா?"

(இன்னொரு வழியையும் ஒரு மாலை முழுக்க எழுதிப் பார்த்தேன். மனைவியும் அண்ணனும் கூடிப் பேசி, வேண்டுமென்றே அந்த டப்பாவைக் கொடுத்ததாக. வில்லன் கிடைத்தால் கதைக்கு எவ்வளவு சவுகரியம்! ஆனால் நான் ஜிம்மில் சேர்ந்த பிறகு ஒருநாள் மாஸ்டர் செய்ததை நானே பார்த்தேன். ஒருவரிடமும் பேசாமல் அலமாரியிலிருந்த எல்லா டப்பாக்களையும் இறக்கி, பின்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பித் திருப்பி அடுக்கினார். பிறகு மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தார். அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.)

6

பாதி டப்பா மிச்சம் இருந்தது. அது சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் நின்றது. மெக்கானிக் தூக்கிப் போடவில்லை. மனைவியும் போடவில்லை. அலமாரியைத் துடைக்கும்போது எடுத்து, துடைத்து, அதே இடத்தில் வைத்தார்.

இருவருக்கும் தெரிந்த ஒன்றை இருவரும் பேசவில்லை: சோதனைக்கு முன்னால் ஒரு கரண்டி, இரண்டு கரண்டி. போதும். எண் மேலேயே நிற்கும். யாரும் பொய் சொல்ல வேண்டாம். ஓட வேண்டாம். "எனக்கும் ஆசைதான் அக்கா, உடம்பு ஒத்துழைக்கலையே" என்று கண் கலங்கினால் அக்காவே ஆறுதல் சொல்லுவார். (ஸ்கேன் பொய் சொல்லாது என்று டாக்டர் சொன்னது உண்மைதான். ஆனால் எண் மேலேயே நின்றால் ஸ்கேன் வரை எதற்குப் போவார்கள் என்று மெக்கானிக்கின் மனசு கணக்குப் போட்டது. அது சரியான கணக்கா என்று எனக்குத் தெரியாது. பயந்தவன் போட்ட கணக்கு.)

பளு தூக்காத உடம்பு தொய்ந்தது. காலையில் எழுந்தால் அசதி. பவுடர் நிறுத்தியதாலா, பளு நிறுத்தியதாலா, பயத்தாலா என்று அவருக்குப் பிடிபடவில்லை. நடை மட்டும் நடந்தார். அப்போதுதான் என்னைச் சந்தித்தார். நீங்களும் அவரைச் சந்தித்தீர்கள்.

ஒருநாள் காலை, மனைவி வேலைக்குப் போன பிறகு, மெக்கானிக் டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி

நிறுத்துகிறேன். இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. முதலில் சொன்னபோது, மோந்து பார்த்துவிட்டு மூடிவிட்டதாகச் சொன்னார். இன்னொரு காலை, தண்ணீரில் கலக்கும்வரை போய், தொட்டியில் கொட்டியதாகச் சொன்னார். மூன்றாவது முறை நான் கேட்கவே இல்லை. அவராகவே, "நான் குடிச்சேன்னு எழுதிடாதீங்க மேடம்" என்றார். குடிக்கவில்லை என்று எழுதச் சொல்லவில்லை. குடித்தேன் என்று எழுதாதே என்றார். எழுதவில்லை.

* பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். இதுவரை எழுதியதை அனுப்பியிருந்தேன். "நல்லாருக்கு. ஆனா வாசகர் என்ன செய்யணும்? சாப்பிடலாமா, வேணாமா?" என்றார். "டாக்டர் கேட்டா மறைக்காம சொல்லணும்" என்றேன். "அவ்வளவுதானா?" என்றார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

7

இதற்கிடையில் அக்கா என்ன செய்துகொண்டிருந்தார் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நானும் கேட்காமலே இருந்துவிட்டேன். கொடுக்கிறவனைச் சுற்றியே கதை ஓடுகிறது. வாங்கிக்கொள்ள வேண்டியவர் ஒரு மூலையில் படுத்திருக்கிறார்.

படுத்திருக்கவில்லை. மெக்கானிக் ஒரு நாள் டயாலிசிஸ் கூடத்துக்குப் போனபோது அக்கா படுக்கையில் சாய்ந்தபடி சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் குழாய்கள். கட்டிலின் கால்மாட்டில் சிறிய பெடல் இயந்திரம். பக்கத்தில் ஒரு குவளையில் புரதபானம். ரத்தம் சுத்தமாகிக்கொண்டிருக்கும்போதே மெல்ல மிதித்தால் தசை கரையாமல் நிற்கும், பானமும் சேர்ந்தால் இன்னும் நல்லது என்று டாக்டரே பார்த்து எழுதிக் கொடுத்திருந்தார்.

"வாடா பயில்வான்" என்றார் அக்கா. "ஊருக்கே பெடல் சொல்லிக் குடுத்தவ, இப்ப படுத்துக்கிட்டு பெடல் போடறேன். போய்ச் சேர ஊர்தான் இல்ல."

மெக்கானிக் சிரித்தார். அக்காவின் கன்னத்தில் சதை வைத்திருந்தது. நாற்காலியிலிருந்து எழ அத்தானின் கையைத் தேடியவர் இப்போது தானே எழுந்து கழிவறைக்குப் போகிறாராம். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் இரண்டு மாணவர்களைக்கூடப் பிடித்துவிட்டார். ஒருத்தி ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறாளாம்.

"அக்கா, அந்த டெஸ்ட்..."

"தெரியும். உன் பொண்டாட்டி சொன்னா."

"அவளா? எப்ப?"

"வந்தா. தனியா வந்தா. நீ குப்பையை ரெண்டு மடங்கு போட்ட கதையெல்லாம் சொன்னா. கடைசில அழுதா. நல்ல பொண்ணுடா, அவளைத் திட்டாத."

மெக்கானிக்குத் தலை சுற்றியது. எதற்காக வந்தாள்? வேண்டாம் என்று கேட்கவா? மன்னிப்புக் கேட்கவா? அக்கா அதைச் சொல்லவில்லை. மெக்கானிக் மனைவியிடம் கேட்டபோது, "பாக்கணும்னு தோணுச்சு, போனேன்" என்றதோடு சரி.

அக்கா மிதிப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "எனக்கு இப்ப பரவாயில்ல. இந்தப் பெடலும் இந்தக் கண்றாவித் தண்ணியும் போதும். இப்படியே ஓட்டிடுவேன். உன்னோடது உங்கிட்டயே இருக்கட்டும்."

மெக்கானிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். வெளியே தாழ்வாரத்துக்கு வந்தவர் கிளம்பாமல் நின்றார். நர்சிடம் கேட்டார்: "அக்காவுக்கு நல்லாயிட்டு வருதுல்ல சிஸ்டர்?"

"பலம் வந்திருக்கு சார். ரொம்ப நல்லது. பலம் இருந்தா ஆபரேஷனையும் நல்லாத் தாங்குவாங்க."

"கிட்னி?"

நர்ஸ் அவரைக் கொஞ்சம் வினோதமாகப் பார்த்தார். "அது அப்படியேதானே சார் இருக்கும்."

8

சோதனை நாள் வந்தது. ரத்தம் கொடுத்தார். எண் இறங்கியிருந்தது, ஆனால் கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது. "ஸ்கேனும் எடுத்துடுவோம்" என்றார் டாக்டர். எடுத்தார்கள். அந்த மேசையில் அசையாமல் படுத்திருந்தபோது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் நினைக்கல. மேல விட்டத்துல ஒரு திருகாணி இல்ல. யாராவது போட்டுருக்கலாம்னு நினைச்சேன்" என்றார்.

முடிவு வந்தது. இரண்டு சிறுநீரகமும் அருமையாக வேலை செய்கின்றன. டாக்டர் கை கொடுத்தார். "தேறிட்டீங்க!" என்றார்.

"அப்ப உங்களுக்கு எப்படி இருந்தது? சந்தோஷமா, பயமா?"

"தெரியல மேடம். இப்பவும் தெரியல. கையைக் குடுத்தாரு, நானும் குடுத்தேன்."

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: இருவரும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் கண் விழிக்கிறார்கள். அக்கா முதல் வார்த்தையாக ஒரு ஜோக் அடிக்கிறார். (ஆசிரியர் இதைப் போட்டுவிடுவார். எனக்கும் பிடிக்கும். ஆனால் அறுவை நாளே இன்னும் குறிக்கப்படவில்லை. நடக்காததை நடந்ததாக எழுத இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கை வரவில்லை.)

இரண்டு: மெக்கானிக் பின்வாங்குகிறார். அதற்குப் பின் அக்காவின் பெயர் போனில் வரும்போதெல்லாம் அவர்

மூன்று: மனைவி எழுந்து, "நான் தரேன்" என்கிறார். (இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. அதனாலேயே இதை நம்ப முடியவில்லை.)

மூன்றையும் மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் நேராக அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

அக்கா போன் செய்தார். "ஏம்மா, நீதானா எழுதறவ? ஒரு நடை வந்துட்டுப் போ."

9

போனேன். காரில்தான் உட்கார்ந்திருந்தார், அடுத்த மாணவர் வருவதற்காக. பக்கத்து இருக்கையைக் காட்டினார். அது ஓட்டுகிறவர் இருக்கை. எனக்கு ஓட்டத் தெரியாது என்றேன். "சும்மா உக்காரு, பிரேக் எங்கிட்ட இருக்கு" என்றார்.

தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, "இதுல அவன் கொடுத்தா நல்லவன், கொடுக்கலைன்னா கெட்டவன். நான் ரெண்டுலயும் படுத்துட்டே இருக்கேன்" என்றார். "வாங்கிக்கறதும் ஒரு காரியம்மா. அதுக்கும் ஒரு மனசு வேணும். தம்பி உடம்புல கத்தி வைக்கச் சொல்லிட்டு, நாளைக்கு அவன் பொண்ணுங்க கல்யாணத்துல நான் எப்படி நடமாடுவேன்? வாங்கலைன்னா, என் வீட்டுக்காரரை எத்தனை நாள் இப்படி அலைய விடுவேன்? எனக்கும் தெரியல. எழுது, எனக்கும் தெரியலைன்னு."

எழுதிவிட்டேன்.

"அவர் தேறிட்டேன்னு வந்து சொன்ன அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். மெக்கானிக்கிடம் இதை ஏற்கெனவே கேட்டிருந்தேன். அவர் சொன்னது இது:

கூடத்துக்குப் போனாராம். அக்கா மிதித்துக்கொண்டிருந்தாராம். இவர் கட்டில் பக்கத்தில் நின்று, "அக்கா, நான் தேறிட்டேன். எல்லாம் நல்லாருக்கு. உனக்கு நான் தரேன்" என்றாராம். அக்கா மிதிப்பதை நிறுத்திவிட்டு இவர் முகத்தையே பார்த்தாராம். "பயமா இருக்காடா?" என்றாராம். "ஆமா." "எனக்கும்தான்." பிறகு அக்கா சரி என்றாராம்.

"சம்மதிச்சுட்டாங்க மேடம்" என்றார் மெக்கானிக். சொல்லும்போது சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக் கழற்றிப் போட்டார்.

இப்போது காரில் அக்காவும் அந்த நாளைச் சொன்னார். எல்லாம் ஒத்துப்போனது. மிதித்தது, நிறுத்தியது, பயம், எனக்கும்தான்.

"கடைசில சரின்னு சம்மதிச்சீங்க" என்றேன்.

"நான் எங்கம்மா சம்மதிச்சேன்?" அக்கா என்னை நோக்கித் திரும்பினார். "அவன் முகம் போன போக்கைப் பாத்து, சரி, விடுடா, அப்புறம் பேசிக்கலாம்னு நினைச்சுதான் சரின்னேன்."

"அவர் அப்படி நினைக்கலையே."

"என்ன நினைச்சான்?"

சொன்னேன். மாணவர் வந்து சன்னலைத் தட்டினார். அக்கா விரலைக் காட்டி அவரைக் காத்திருக்கச் சொன்னார்.

"அப்படியா நினைச்சுட்டிருக்கான்?" என்றார். அந்தக் குரலில் இருந்தது வருத்தமா நிம்மதியா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. "அவங்கிட்ட எதுவும் சொல்லிடாத. நானே பேசிக்கறேன்."

அவர் பேசினாரா, பேசியிருந்தால் எதைச் சொன்னார் என்று நான் போய்க் கேட்கவில்லை. நான் கேட்டால் அது முடிவாகிவிடும், அது என்னுடையதாகிவிடும். ஆகவே இந்தக் கதையில் உறுதியாக இருப்பது அந்தக் கூடத்தில் சொல்லப்பட்ட ஒரே ஒரு சொல்தான். தம்பி கட்டில் பக்கத்தில் நிற்கிறான். இயந்திரத்தில் அக்காவின் ரத்தம் சுற்றுகிறது. பெடல் நின்றிருக்கிறது. உங்களுக்கு ஓர் அக்கா இருந்தாலோ, நீங்களே யாருக்காவது அக்காவாக இருந்தாலோ, அடுத்த வரியை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

"சரி" என்றார் அக்கா.